அடுத்த வளைவு மட்டும்: புத்தாண்டு இலக்கை எப்படிப் பிரிக்கலாம்?



டிசம்பர் கடைசி வாரம் வந்துட்டா நம்ம ஹாஸ்டல்ல ஒரு சடங்கு நடக்கும். புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்துல புத்தாண்டுத் தீர்மானம் எழுதுறது. போன வருஷம் நானும் எழுதினேன். காலை 5 மணிக்கு எழுந்திருக்கணும், தினமும் ஜிம், தினமும் மூணு லீட்கோட் ப்ராப்ளம், பைத்தான் முழுசா படிக்கணும், இன்ஸ்டாகிராம் டெலீட், மாசம் ஒரு தமிழ் நாவல், ரெண்டு அரியரும் க்ளியர். மொத்தம் ஏழு. பொங்கல் லீவுக்கு பஸ் ஏறும்போது அதுல ஒண்ணுகூட உயிரோட இல்லை.

ஆறு போனதுல பெரிய நஷ்டம் இல்லை. ஏழாவதுதான் பிரச்சினை. ரெண்டு அரியர்ல ஒண்ணு முடிஞ்சது, கணக்குப் பேப்பர் மட்டும் அப்படியே நிக்குது. கையில ஒரு ஆஃபர் லெட்டர் இருக்கு. அதுல ஒரு வரியும் இருக்கு: வேலைக்குச் சேரும்போது அரியர் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. நான் ஃபைனல் இயர். எனக்கு மிச்சம் இருக்கறது வர்ற ஏப்ரல்-மே தேர்வு ஒண்ணுதான். அதனால இந்தத் தடவை லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி, இலக்கு வைக்கறதைப் பத்தி கொஞ்சம் தேடிப் படிச்சேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துக்கறேன்.

எங்க ஊர் ரோடு

எங்க ஊர் காளப்பநாயக்கன்பட்டி. நாமக்கல்ல இருந்து சேந்தமங்கலம் வழியா கொல்லிமலைக்குப் போனவங்க எங்க ஊரைப் பார்த்திருப்பீங்க. அதுக்கு அப்புறம் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் உண்டு: 1/70, 2/70, 3/70...

நான் முதல் முறை பைக் ஓட்டிக்கிட்டு மலை ஏறினப்போ பின்னாடி எங்க மாமா உட்கார்ந்திருந்தார். அவர் மலையில இருந்து வாழைத்தாரும் மிளகும் ஏத்திக்கிட்டு வர வேன் ஓட்டறவர். பத்து வளைவு தாண்டறதுக்குள்ள எனக்குக் கை வலிச்சிடுச்சு.

"மாமா, இன்னும் அறுபது இருக்குங்களே?"

"அதை எதுக்கு மாப்ள எண்ணிக்கிட்டு இருக்க? போர்டு தெரிஞ்சா கியரைக் குறை, ஹாரன் அடி, திரும்பு. அப்புறம் அடுத்த போர்டைப் பாரு."

சோளக்காடு வந்ததும் டீ குடிச்சோம். அப்போ அதை ஒரு டிரைவிங் டிப்ஸாத்தான் எடுத்துக்கிட்டேன். ஆனா அவர் சொன்னதுல ரெண்டு பாடம் இருக்கு. ரெண்டையும் உளவியல் ஆய்வாளர்கள் தனித்தனியா சோதிச்சுப் பார்த்திருக்காங்க.

பாடம் 1: மொத்தத்தைக் குறைக்க வேண்டாம், கூறு போடுங்க

ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் ரெண்டு பேரும் 1981-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கணக்குல ரொம்பப் பின்தங்கி, கணக்குன்னாலே ஆர்வம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கிட்டாங்க. கழித்தல் கணக்குப் பயிற்சி, மொத்தம் 42 பக்கம், ஏழு அமர்வு. பிள்ளைங்களே படிச்சுப் போட்டுப் பழகணும்.

ஒரு குழுவுக்குச் சொன்னது: "ஒவ்வொரு அமர்வுலயும் 6 பக்கம் முடிக்கப் பாருங்க." இன்னொரு குழுவுக்கு: "ஏழு அமர்வு முடியறதுக்குள்ள 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்க." மூணாவது குழுவுக்கு இலக்கே சொல்லலை.

ஆறை ஏழால பெருக்கினா 42 தானே? ரெண்டு குழுவுக்கும் ஒரே வேலை. ஆனா 6 பக்கம் இலக்கு வச்ச பிள்ளைங்க வேகமா முன்னேறினாங்க, கணக்கையும் நல்லாப் போட்டாங்க. "என்னால முடியும்"ங்கற நம்பிக்கை கூடுச்சு. பிறகு விருப்பம்போல ஏதாவது செய்யலாம்னு விட்டப்போ, தானாவே கழித்தல் கணக்கை எடுத்துப் போட்டதும் அவங்கதான் அதிகம். 42 பக்கம் இலக்கு வச்ச குழுவுக்கும் இலக்கே இல்லாத குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தூரத்துல மட்டும் இருக்கற இலக்கு, இல்லாத இலக்கு மாதிரிதான்.

இதுல நம்ம கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைங்களுக்கு யாரும் வேலையைக் குறைக்கலை. "சின்ன இலக்கு வை"ன்னு சொன்னா "ஆசையைக் குறைச்சுக்கோ"ன்னு சிலர் புரிஞ்சுக்கறாங்க. அது அப்படி இல்லை. 70 வளைவும் ஏறித்தான் ஆகணும், மலையோட உயரம் குறையாது. போர்டை மட்டும் பக்கத்துல பக்கத்துல நடறோம், அவ்வளவுதான்.

ப்ளேஸ்மென்ட் ட்ரெயினிங்ல 'ஸ்மார்ட் கோல்'னு கேட்டிருப்பீங்க. ஜார்ஜ் டோரன் ஒரு மேனேஜ்மென்ட் பத்திரிகையில அதை எழுதினதும் அதே 1981-லதான். இலக்கு தெளிவா இருக்கணும், அளக்க முடியணும், காலக்கெடு இருக்கணும்னு அது சொல்லுது. சரிதான். ஆனா காலக்கெடு மே மாசம்னு ஒரே ஒரு தேதியா மட்டும் இருந்தா, மேலே சொன்ன 42 பக்கக் குழு கதைதான் நமக்கும்.

பாடம் 2: எப்போ, எங்கேன்னு முன்கூட்டியே முடிவு பண்ணுங்க

மாமா "ஜாக்கிரதையா ஓட்டு"ன்னு சொல்லலை. "போர்டு தெரிஞ்சா கியரைக் குறை"ன்னு சொன்னார். இது நடந்தா அது செய். வளைவுக்கு வந்து யோசிக்கற வேலையே இல்லை.

பீட்டர் கோல்விட்சர், வெரோனிகா பிராண்ட்ஸ்டாட்டர் ரெண்டு பேரும் 1997-ல வெளியிட்ட ஆய்வு இதைப் பத்தினது. ஜெர்மனியில சில மாணவர்கள்கிட்ட ஒரு வேலை கொடுத்தாங்க: கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலையை எப்படிக் கழிச்சீங்கன்னு, அடுத்த ரெண்டு நாளுக்குள்ள எழுதி அனுப்பணும். பண்டிகை நேரத்துல யாருக்கு எழுதத் தோணும்? பாதிப் பேர்கிட்ட மட்டும் கூடுதலா ஒண்ணு கேட்டாங்க: எந்த நேரத்துல, எந்த இடத்துல உட்கார்ந்து எழுதப் போறீங்க? அதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவங்கள்ல சுமார் முக்கால்வாசிப் பேர் சொன்ன நேரத்துக்குள்ள முடிச்சாங்க. மத்தவங்கள்ல சுமார் மூணுல ஒரு பங்குதான்.

"தினமும் கணக்குப் படிப்பேன்" இது ஆசை. "ராத்திரி மெஸ்ல சாப்பிட்டுத் தட்டைக் கழுவினதும் ரீடிங் ரூம்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்து ஒரு கணக்கு போடுவேன்" இது திட்டம்.

பாடம் 3: ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது

என் போன வருஷ லிஸ்ட் செத்தது இந்த இடத்துலதான். ஜனவரி 4-ம் தேதி தூங்கிட்டேன். "போச்சு, இனி எதுக்கு?"ன்னு 5-ம் தேதியும் எழுந்திருக்கலை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனிச்சாங்க. ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு புதுப் பழக்கம் எடுத்துக்கிட்டாங்க. காலை டிபனுக்கு அப்புறம், மதியச் சாப்பாட்டோடன்னு தினமும் நடக்கற ஒரு விஷயத்தோட அதைச் சேர்த்துக்கிட்டாங்க. அது யோசிக்காமலே செய்யற அளவுக்கு வர எடுக்கும்னு அவங்க கணக்கிட்ட காலம் ஆளுக்கு ஆள் மாறுச்சு: 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும், நடு மதிப்பு 66 நாள். "21 நாள் செஞ்சா பழக்கம் ஆயிடும்"னு ரீல்ஸ்ல சொல்றதை நம்பி 22-வது நாள் உங்களை நீங்களே திட்டிக்காதீங்க. இன்னொண்ணு, ஒரு நாள் தவறினது பழக்கம் உருவாகறதைப் பெருசா பாதிக்கலைன்னும் அவங்க பார்த்தாங்க. ஒரு வளைவுல வண்டி ஆஃப் ஆயிட்டா திரும்ப அடிவாரத்துக்கா போறோம்? அங்கேயே ஸ்டார்ட் பண்ணி ஏறுறோம்.

என் கணக்கு

வெறும் தியரி சொல்லிட்டுப் போக வேண்டாம். என் திட்டத்தை அப்படியே வைக்கிறேன். பேப்பர்: டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். அஞ்சு யூனிட். ஜனவரி 1 முதல் ஏப்ரல் 15 வரை எண்ணிப் பார்த்தேன், 105 நாள். அதாவது 15 வாரம். ஒரு யூனிட்டுக்கு 3 வாரம்.

தினசரி இலக்கு: ஒரே ஒரு 16 மார்க் கணக்கு. நோட்ஸைப் பார்த்து ஒரு தடவை, மூடி வச்சுட்டு ஒரு தடவை. நாற்பது நிமிஷம் ஆகும். நேரமும் இடமும் மேலே சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை புதுக் கணக்கு இல்லை, அந்த வாரம் விட்டுப்போனதுக்கு அந்த நாள். அப்போ வாரத்துக்கு 6, மூணு வாரத்துக்கு 18, அஞ்சு யூனிட்டுக்கு 90 கணக்கு. நோட்டுல ஒவ்வொரு கணக்குக்கும் மேலே 1/90, 2/90-ன்னு போடப் போறேன். எங்க ஊர் போர்டு மாதிரியே.

ஜிம், பைத்தான், நாவல் எல்லாம் லிஸ்ட்லயே இல்லை. ஏழு மலையை ஒரே நாள்ல ஏற முடியாது.

நீங்க செய்ய வேண்டியது

ஒரு பேப்பர் எடுங்க, பத்து நிமிஷம் போதும்.

1. இந்த வருஷம் நடக்கலைன்னா உண்மையிலேயே உங்களுக்கு வலிக்கற ஒரு விஷயத்தை மட்டும் எழுதுங்க.

2. அது உங்க கையில இருக்கா பாருங்க. "8.5 சிஜிபிஏ" உங்க கையில முழுசா இல்லை. "தினமும் கிளாஸ் நோட்ஸை அன்னைக்கே ஒரு தடவை படிக்கறது" உங்க கையில இருக்கு.

3. மொத்தத்தை எண்ணா மாத்துங்க. எத்தனை கணக்கு, எத்தனை பக்கம், எத்தனை நாள்? எண் வரலைன்னா இலக்கு இன்னும் தெளிவாகலைன்னு அர்த்தம்.

4. ஒரு நாள் பங்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க. காய்ச்சல் விட்ட மறுநாள்கூட செய்யற அளவா இருக்கணும். பெருசா இருந்தா இன்னும் பிரிங்க, இல்லைன்னா கடைசித் தேதியைத் தள்ளி வைங்க.

5. "இது முடிஞ்சதும், இந்த இடத்துல, இதைச் செய்வேன்"னு ஒரே வாக்கியமா எழுதுங்க.

6. விட்டுப்போன நாளுக்கு இப்பவே ஒரு இடம் ஒதுக்குங்க. கண்டிப்பா விட்டுப்போகும்.

நான் பாஸ் ஆவேனான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஜனவரி 1 ராத்திரி தட்டைக் கழுவினதும் எங்கே போகணும்னு தெரியும். ரீடிங் ரூம்ல ஜன்னல் பக்கம் என் நாற்காலிக்கு அடுத்தது காலியாத்தான் இருக்கும். அரியர் இருக்கறவங்க தாராளமா வந்து உட்காரலாம், வெட்கப்பட ஒண்ணும் இல்லை.

எல்லாருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்!