பஸ் ஏறி வரும் முட்டைகள்

அன்புக் கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுவது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் பன்னிரண்டு சிறுவிடைக் கோழி முட்டைகளைப் போட்டுவிடுகிறேன். சனிக்கிழமை விடியும்போது தாம்பரத்தில் இறக்குவார்கள். யாரையும் அனுப்பாமல் நீயே போய் வாங்கிக்கொள். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதியிருந்தால் இன்குபேட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்றுதான் முட்டைக்கு முன்னால் கடிதத்தை அனுப்புகிறேன்.

சித்திரையில் நீ முட்டை கேட்டபோது முடியாது என்றேன். முகம் வாடிப்போனாய் என்று உன் அம்மா சொன்னாள். காரணம் இதுதான். கோழி முட்டையிடும்போதே அதற்குள் உயிர் தொடங்கியிருக்கும். மஞ்சள் கருவின் மேல் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறதே, அது அப்போதே பல்லாயிரம் செல்களாகப் பிரிந்திருக்கும். 15 முதல் 18 டிகிரிக் குளுமையில் வைத்தால் அந்த உயிர் அப்படியே உறங்கும். 27 டிகிரியைத் தாண்டினால் அரைகுறையாக விழித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் பஸ்ஸின் அடி டிக்கி எப்படிக் கொதிக்கும் என்று தெரியும் அல்லவா? வளரவும் விடாது, உறங்கவும் விடாது அந்தச் சூடு. கரு உள்ளேயே செத்துப்போகும், வெளியே முட்டை பளபளவென்றிருக்கும். வாங்கியவர்கள் மெஷினைக் குறை சொல்வார்கள். மார்கழியும் தையும்தான் முட்டை அனுப்பும் மாதங்கள். அதுவும் இரவு வண்டியில்தான் அனுப்ப வேண்டும்.

நீ புரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயமும் இதில்தான் இருக்கிறது. குஞ்சு பொரிப்பதில் பாதி உன் மெஷினுக்கு வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கோழி எப்படி இருந்தது, முட்டை எத்தனை நாள் பழசு, வழியில் எவ்வளவு குலுங்கியது, எவ்வளவு சூடு பட்டது என்பதையெல்லாம் நீ மாற்ற முடியாது. மீதிப் பாதிதான் உன் கையில். அந்தப் பாதியிலும் முக்கால் பங்கு கையை வைக்காமல் இருப்பது.

முட்டை எல்லாம் ஒரு வாரத்துக்குள் இட்டவை. அதற்கு மேல் நாளாக நாளாகப் பொரிப்பு குறைந்துகொண்டே போகும். ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி, அகலமான முனை மேலே இருக்கும்படி நிறுத்தி, இடைவெளியில் உமியை இறுக்கி அடைத்திருக்கிறேன். நீ பிரிக்கும்போதும் அதே நிலையில் எடு. அழுக்கு ஒட்டியிருந்தால் கழுவாதே, ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடி ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். தண்ணீர் பட்டால் பூச்சு கரைந்து கிருமிக்கு வழி திறந்துவிடும்.

வாங்கியவுடன் இன்குபேட்டரில் வைத்துவிடத் துடிப்பாய். வேண்டாம். பேப்பர் டிரேயில் அகல முனை மேலாக நிறுத்தி, வெயில் படாத, ஃபேன் காற்று நேராக அடிக்காத அறையில் ஒரு முழுநாள் விட்டுவிடு. ஃப்ரிஜ்ஜில் வைத்துவிடாதே.

ஏன் என்று சொல்கிறேன். கோழியின் உடம்பு 41 டிகிரிச் சூடு. முட்டை வெளியே வந்து குளிரும்போது உள்ளே இருப்பது சுருங்கும். அப்போது அகல முனையில் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே ஒரு காற்றறை உண்டாகும். குஞ்சு வெளியே வருவதற்கு முன் முதல் மூச்சை விடுவது அந்த அறைக்குள்தான். பஸ் நம் ரோட்டில் குதித்துக்கொண்டு வரும்போது அந்தச் சவ்வுகள் பிரிந்துபோகலாம். சனிக்கிழமை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் அகல முனையை வைத்து மெதுவாகச் சாய்த்துப் பார். நல்ல முட்டையில் காற்றறையின் விளிம்பு அசையாமல் ஒரே இடத்தில் வட்டமாக நிற்கும். அடிபட்டதில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்துக் குமிழி மாதிரி அது நழுவி நழுவிப் போகும். அப்படி இருப்பவற்றின் ஓட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வை. தூக்கி எறிய வேண்டாம். பேசாமல் நிறுத்தி வைத்திருந்தால் ஓரளவு படியும். மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் முறுக்குக் கயிறுகளுக்கும் அந்த ஓய்வு வேண்டும்.

முட்டை ஓய்வெடுக்கட்டும், மெஷினை மட்டும் வெள்ளிக்கிழமையே ஓட விட்டுவிடு. உன்னுடையது ஃபேன் வைத்தது என்றாய். அப்படியானால் 37.5 டிகிரி. ஃபேன் இல்லாத தெர்மாகோல் பெட்டி என்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வரை வேண்டியிருக்கும். மெஷினில் மின்னும் எண்ணை அப்படியே நம்பாதே. காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே முட்டை மட்டத்தில் வைத்துச் சரிபார். அரை டிகிரி கூடினால் குஞ்சு முந்தும், குறைந்தால் பிந்தும். 40ஐத் தாண்டிச் சில மணி நேரம் நின்றுவிட்டால் மொத்தமும் போய்விடும். எகிப்தில் மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரித்தவர்கள் தெர்மாமீட்டர் இல்லாமல் முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துச் சூடு பார்ப்பார்களாம். 1749இல் பிரான்சில் ரியோமூர் என்ற அறிஞர் அந்த அடுப்புகளை முன்மாதிரியாக வைத்து ஒரு நூலே எழுதினார். பரம்பரையாகப் பழகிய இமை நமக்கு இல்லை, தெர்மாமீட்டர் போதும்.

மெஷினைப் பழக்கக் கடை முட்டை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். சூடு சீராக நிற்கிறதா என்று பார்க்க வைக்கலாம். குஞ்சு வராது. நாமக்கல் பண்ணைகளில் கூண்டுக் கோழிகளோடு சேவல் விடுவதில்லை, அதனால் அந்த முட்டையில் கரு கூடியிருக்காது.

வைத்த முதல் இரண்டு நாள் முட்டையைத் திருப்பாதே. டர்னரை நிறுத்தி வை. அடிபட்ட காற்றறைக்கு அந்த அவகாசம் வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து இந்தப் பக்கம் 45 டிகிரி, அந்தப் பக்கம் 45 டிகிரி என்று சாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேலும் திருப்பாமல் விட்டால் கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரத்தில் திருப்புவதுதான் மிக முக்கியம்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சென்னைக் காற்றே ஈரம், தனியாகத் தண்ணீர் எதற்கு என்று நினைப்பாய். வெளியே 80 சதவீத ஈரம் உள்ள காற்றுகூட இன்குபேட்டருக்குள் போய்ச் சூடேறியதும் 40 சதவீதத்துக்கு வந்துவிடும். அதனால் டிரேயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு 50 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள். நல்லது என்று நினைத்து நிரப்பியும் விடாதே. முட்டை உள்ளிருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தால்தான் காற்றறை பெரிதாகும். மீட்டரை மட்டும் பார்க்காமல் எடை போட்டுப் பார். நம் முட்டை 40 கிராம் இருக்கும். 18ஆம் நாள் அது 35 கிராமுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். 37லேயே நின்றால் ஈரம் அதிகம், குஞ்சு உள்ளேயே மூச்சு முட்டும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்.

கரண்ட் போனால் பதறாதே. அடைக்கோழியும் தினம் ஒருமுறை எழுந்து இரை எடுக்கப் போகிறது. மூடியைத் திறக்காமல் மேலே கம்பளியைப் போர்த்து, காற்றுத் துளையை மட்டும் விட்டுவை. ஓரிரு மணி நேரம் தாங்கும். உன் அம்மாயி அடைக்கூடையில் முட்டைக்கு நடுவே ஒரு கரித்துண்டும், காய்ந்த மிளகாயும், இரும்பு ஆணியும் வைப்பார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று பயம். மெஷினுக்குள் அதெல்லாம் வேண்டாம். ஆனால் அவர் அடைக்கூடையை ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வைத்ததையும், பிள்ளைகளை அருகில் விடாததையும் அப்படியே எடுத்துக்கொள்.

ஏழாம் நாள் மறுபடி டார்ச் அடித்துப் பார். உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் நாலா பக்கமும் கிளை விட்டிருக்கும், நடுவில் கறுப்பாகக் கண் தெரியும். ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கரு கூடவில்லை, அல்லது வழியிலேயே போய்விட்டது. ரத்தம் வட்டமாக ஒதுங்கி நின்றால் தொடங்கி நின்றுபோனது. இவற்றை எடுத்துவிடு. நாற்றம் வந்தால் அன்றைக்கே எடு, சூட்டில் வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும். சந்தேகமானதை மட்டும் 14ஆம் நாள் வரை விட்டுப் பார். தினமும் எடுத்து எடுத்துப் பார்க்காதே, கண்ணு.

18ஆம் நாள் திருப்புவதை நிறுத்து. ஈரத்தை 65, 70க்கு ஏற்று. பென்சில் கோடு போட்ட முட்டைகளைப் படுக்க வைக்காமல், பேப்பர் டிரேயை வெட்டி அதில் நிறுத்தியே வை. காற்றறை கோணலாகிப்போன முட்டையில் குஞ்சுக்கு எந்தப் பக்கம் தலை வைப்பது என்று குழப்பம் வரும், சில குஞ்சுகள் கூர் முனையைக் கொத்தும். அப்புறம் மூடியைத் திறக்காதே. 20ஆம் நாள் காதை வைத்துக் கேட்டால் உள்ளிருந்து குஞ்சு கத்தும். அலகு நுனியில் சின்ன வெள்ளைக் கொம்பு மாதிரி ஒன்று இருக்கும், அதை வைத்துத்தான் ஓட்டில் முதல் விரிசலை உண்டாக்கும். பிறகு மணிக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. உனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஓட்டை உரித்துவிடலாமா என்று கை பரபரக்கும். அந்த நேரத்தில் உள்ளே சவ்வின் நரம்புகளில் இருக்கும் ரத்தம் குஞ்சின் உடம்புக்குத் திரும்பிக்கொண்டிருக்கும், மீதி மஞ்சள் கரு வயிற்றுக்குள் ஏறிக்கொண்டிருக்கும். நீ உரித்தால் ரத்தம் கசிந்து செத்துப்போகும். ஒரு முழுநாள் ஆகியும் அசைவில்லை என்றால் எனக்கு போன் போடு, நடுராத்திரியானாலும் பரவாயில்லை. முதலில் வந்த குஞ்சுகள் பசியாய் இருக்குமே என்றும் திறக்காதே. வயிற்றில் ஏறிய மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும்.

பன்னிரண்டில் எத்தனை வரும் என்று கேட்பாய். வழியில் குலுங்காத நல்ல முட்டையில் நூற்றுக்கு எண்பது பொரிக்கும். பஸ்ஸில் வந்ததில் ஆறு வந்தால் நல்ல பொரிப்பு என்று சந்தோஷப்படு. ஆறில் மூன்று சேவலாக இருக்கும் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள். மொட்டை மாடியில் நான்கு மணிக்குக் கூவும் சேவலைப் பக்கத்து வீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள்? யாருக்குக் கொடுப்பாய், என்ன செய்வாய் என்று முட்டையை வைப்பதற்கு முன்னால் முடிவு செய்.

குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரிச் சூடு வேண்டும், பிறகு வாரம் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வா. வழவழப்பான பேப்பரில் விடாதே, கால் விரிந்துவிடும். உமியின் மேல் கோணிச் சாக்கு விரி. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடு, இல்லாவிட்டால் மூழ்கிவிடும். முதல் வாரத்துக்குள் ராணிக்கெட் தடுப்பு மருந்துக்கு உங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் கேட்டு வை. இதில் மட்டும் நாள் தள்ளாதே.

கருங்கோழி முட்டை மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவிலிருந்தே தருவிக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். 2018இல் புவிசார் குறியீடு வாங்கிய இனம், ஆசை வருவது நியாயம்தான். ஆனால் இரண்டு மூன்று நாள் பயணத்தில் எந்தக் குடோனில் எத்தனை மணி நேரம் கிடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது நம் பக்கமே நிறைய பேர் வளர்க்கிறார்கள், ஓர் இரவுத் தூரத்தில் கிடைப்பதை வாங்கு. போட்டோவைப் பார்த்து வாங்காதே. புல்லோரம் போன்ற நோய்கள் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும். எத்தனை கோழிக்கு எத்தனை சேவல், தடுப்பூசி என்ன போட்டார்கள், கடைசியாக எப்போது குஞ்சு செத்தது என்று கேள். பதில் சொல்லச் சலித்துக்கொள்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

23ஆம் நாள் மீதி முட்டைகளை அப்படியே குப்பையில் போட்டுவிடாதே. மனசு சங்கடப்படும், ஆனாலும் வெளியே எடுத்துப் போய் ஒவ்வொன்றாக உடைத்துப் பார். முதல் வாரத்திலேயே நின்றிருந்தால் பயணமோ பழைய முட்டையோ காரணம். நடுவில் நின்றிருந்தால் என் கோழிகளின் தீனியைப் பார்க்க வேண்டும். முழுக் குஞ்சாகி உள்ளே இறந்திருந்தால் உன் மெஷினின் சூட்டையும் ஈரத்தையும் பார்க்க வேண்டும். கோடு போட்ட முட்டைகளில் எத்தனை பொரித்தன என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி அனுப்பு. தை மாசத்தில் அடுத்த முட்டைகளை அதைப் பார்த்துத்தான் பொறுக்கி எடுப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா