நான்கு பலகைகளும் ஒரு தொடக்கமும்



மூத்தோருக்கான உலக அணிச் சதுரங்கப் போட்டி 50 வயது நிறைந்தோர், 65 வயது நிறைந்தோர் என இரு பிரிவுகளாக நடைபெறுகிறது. அணிக்கு நால்வர் ஒரே நேரத்தில் நான்கு பலகைகளில் ஆட, அவர்களின் மொத்தப் புள்ளி இரண்டரையை எட்டினால் அந்தச் சுற்று அவ்வணிக்கே. மூன்று பலகைகளில் ஒரு வெற்றியும் இரண்டு சமநிலைகளும் கிடைத்துவிட்டால், நான்காமவருக்கு அரைப் புள்ளி போதும். அப்போது சமநிலையை ஏற்கலாம் என்று அணித்தலைவர் சொல்லப் பொதுவாக விதி இடமளிக்கிறது. காய்களின் நிலை பற்றி மட்டும் அவர் வாய் திறக்கக்கூடாது.

ஆகவே தொடக்கம், அதாவது ஆட்டத்தின் முதல் சில நகர்வுகளின் திட்டம், இங்கே அணியின் தேவையையும் பார்த்தே தேர்ந்தெடுக்கப்படுகிறது. கணினி கண்டறிந்த புதிய வரிசைகளை மனப்பாடம் செய்வது வயது ஏறுந்தோறும் கடினமாகலாம். ஆனால் ஒரே சிப்பாய் அமைப்பைப் பல்லாண்டுகள் ஆடிப் பழகியவருக்கு எந்தக் காயை மாற்றுவது, எதைக் காப்பது என்பது கைவந்த அறிவு.

ஸ்பானியத் தொடக்கத்தின் பரிமாற்ற வகை இதற்குத் தக்க சான்று. இரு தரப்பும் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி, வெள்ளைக் குதிரை எஃப்3-க்கும் கறுப்புக் குதிரை சி6-க்கும் வந்தபின், வெள்ளை மந்திரி பி5-க்குச் செல்கிறது. ஏ6 என்று கறுப்பு விரட்டியதும், அது பின்வாங்காமல் குதிரையை வெட்டுகிறது. டி-வரிசைச் சிப்பாயால் மந்திரியைத் திருப்பி வெட்டும் கறுப்புக்குச் சி-வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைச் சிப்பாய்கள் அமைகின்றன. வெள்ளை டி4 ஆடி மையச் சிப்பாய்கள் மாறியபின், ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு, கறுப்புக்கு மூன்று. மற்றக் காய்கள் யாவும் மாறிப்போனால் வெல்லும் வாய்ப்பு வெள்ளைக்கே மிகுதி; அதற்கு ஈடாகக் கறுப்பிடம் இரு மந்திரிகளும் எஞ்சியிருக்கின்றன.

இது சமநிலைக்கான சோம்பேறித் தொடக்கம் என்போர் உண்டு. அது மேலோட்டமான தீர்ப்பு. 1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், வெற்றி தேவைப்பட்ட நேரத்தில், 45 வயது இமானுவேல் லாஸ்கர் இதை ஆடியே கபாபிளாங்காவை வென்றார். 1966-இல் ஹவானா ஒலிம்பியாட் என்னும் அணிப் போட்டியில் பாபி ஃபிஷர் போர்ட்டிஷையும் கிளிகோரிச்சையும் இதனால் வீழ்த்தினார். அவர் ஐந்தாம் நகர்வில் கோட்டை கட்டினார், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றினார். அதற்குமுன் வெள்ளை இ5 சிப்பாயை வெட்டினால், கறுப்பு ராணி டி4-க்கு வந்து ஒரு சிப்பாயை மீட்டுவிடும். கோட்டை கட்டியபின் அதே வழியில் ராணி இ4 சிப்பாயை வெட்டத் துணிந்தால், குதிரை விலகிய இ-வரிசையில் யானை இ1-க்கு வந்து, அந்த ராணியை அதன் ராஜாவின் முன்னே நகரவிடாமல் கட்டிப்போடும். காய்களை அடுக்கி இவ்விரண்டையும் நகர்த்திப் பார்க்கவும்.