மீண்டெழும் காட்டில் நாயுண்ணியைக் கட்டுப்படுத்தல்

கைவிடப்பட்ட சேனை நிலத்தில் காடு தானாகவே மீண்டெழும் இயல்புடையது. பழைய அடிக்கட்டைகளிலிருந்து முதிரை துளிர்விடும். பறவைகள் கொணரும் வித்துக்களால் பாலையும் வீரையும் முளைக்கும். ஆயினும் நாயுண்ணிப் பற்றை முந்திக்கொண்டால் இளங்கன்றுகள் வெளிச்சமின்றி மடியும். மேய்ச்சற் புல்லும் அழியும்.

சிங்களத்தில் 'கந்தபான' எனப்படும் இச்செடி வெப்பவலய அமெரிக்காவைச் சேர்ந்தது. பேராதனைப் பூங்காவிற்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. இன்று உடவளவைத் தேசிய பூங்காவிலும் பரந்துள்ளது. இதன் இலை கால்நடைக்கு நஞ்சாகும். பசியால் இதனைத் தின்ற மாட்டுக்கு ஈரல் பழுதுறும். வெயில் படும் தோல் வெந்து உரியும். சில வேளை மாடு இறப்பதும் உண்டு.

வெட்டி எரிப்பதால் மட்டும் பயனில்லை. அடித்தண்டிலிருந்து பல கிளைகள் வெடித்து, அடுத்த மழைக்குப் பற்றை முன்னிலும் அடர்த்தியாகும். எரியும் தீயோ நல்ல கன்றுகளையே முதலில் கொல்லும். ஆகவே பின்வரும் முறையைக் கைக்கொள்ளல் வேண்டும்.

1. மண் இளகியிருக்கும் மழைக்காலத்தில், காய்கள் பழுக்குமுன் வேலையைத் தொடங்குக. அரச காடாயின் முதலில் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெறுக.

2. நல்ல மரக்கன்றுகள் மிகுந்து, நாயுண்ணி குறைந்துள்ள பக்கத்திலிருந்து அடர்ந்த பக்கத்தை நோக்கிச் செல்க. பெரும் பரப்பை ஒரே முறையில் வெளியாக்கினால் புதிய நாற்றுக்கள் நெருங்கி முளைக்கும்.

3. கிளைகளைக் கத்தியால் குறைத்து, அடியைச் சுற்றி மண்ணை அகற்றி, ஆணிவேரை நிலமட்டத்திற்கு 3 முதல் 5 சென்றிமீற்றர் கீழே வெட்டுக. துளிர்க்கும் பாகம் அதற்கு மேலேயே உள்ளது.

4. பிடுங்கிய செடியை வேர் மேலிருக்கத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடுக. ஈரமண்ணில் கிடக்கும் தண்டு மீண்டும் வேரூன்றும். உலர்ந்த இலையும் நஞ்சாதலால் மாடுகளை அங்கே விடலாகாது.

5. வெறுமையான இடங்களில் பெரும்போக மழை தொடங்கியதும் உள்ளூர் மரக்கன்றுகளை நடுக.

6. பறவைகள் அமரும் மரங்களின் கீழ், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சிறு நாற்றுக்களைக் கையாற் பிடுங்குக. இவ்வேலையைக் குறைந்தது 3 ஆண்டுகள் விடாது செய்தல் வேண்டும்.

மரங்களின் தலைகள் கூடி நிழல் நிலைத்தபின், நாயுண்ணி பூப்பதும் காய்ப்பதும் குறையும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிப் பார்த்து, தென்படும் செடியை வேருடன் அகற்றினாற் போதும்.