மொசைக் தரை மங்காமல் இருக்க

1. துடைக்கும் முன் பூந்துடைப்பத்தால் நன்றாகப் பெருக்குங்கள். மண் துகள்மேல் ஈரத்துணி ஓடினால் கீறல் விழும்.

2. ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். மொசைக்கில் இருப்பது பளிங்குச் சில்லும் சிமெண்டும். இரண்டையும் அமிலம் அரிக்கும். உப்புக்கறை போக ஆசிட் ஊற்றினால் கறையோடு பளபளப்பும் போய்விடும், எவ்வளவு துடைத்தாலும் திரும்பாது. தக்காளியிலும் புளியிலும்கூட அமிலம் உண்டு. நசுங்கிய தக்காளியோ புளிக்கரைசலோ தரையில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.

3. ஒரு வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும். கூடினால் பிசுக்குப் படிந்து அழுக்கை இழுக்கும்.

4. போர் தண்ணீரில் துடைத்தால் உடனே காய்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். உப்புநீர் தானாக உலர்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். கடைசித் துடைப்புக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

5. எண்ணெய்க் கறையில் சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, இரவு விட்டுக் காலையில் வழித்தெடுங்கள். அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்.

6. தரை முழுக்க மங்கினால் விரிசலை வெள்ளை சிமெண்டால் அடைத்து, மெஷின் பாலிஷ் போடுங்கள். மேற்பரப்பைத் தேய்த்தால் உள்ளே அதே சில்லுதான் இருக்கிறது. டைல்ஸ் போடுவதற்காக நல்ல மொசைக்கை உடைத்துவிடாதீர்கள்.