மூலம் தேடும் அறிவியல்

நுழையும்முன்

பெருந்தொற்று பரவும்போது உலகம் எழுப்பும் முதல் வினா, ‘இஃது எங்கிருந்து வந்தது?’ என்பதாகும். விடை உடனே வேண்டும் என்னும் தவிப்பு, கண்ணில்பட்ட முதல் உயிரினத்தையே குற்றவாளி ஆக்கிவிடுகிறது. கொரோனா தீநுண்மிகள் எவ்விலங்கிலிருந்து மனிதரை அடைந்தன என அறிய நடந்துவரும் தேடலையும், அத்தேடல் கற்பிக்கும் பொறுமையையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

வைரஸ் எனப்படும் தீநுண்மியால் தனித்துப் பெருக இயலாது. வேறோர் உயிரின் செல்லுக்குள் புகுந்தே அது தன்னைப் பெருக்கிக்கொள்ளும். அதற்கு இடங்கொடுக்கும் உயிரை ஓம்புயிரி என்பர். தீநுண்மி நெடுங்காலமாக இயல்பாகத் தங்கி வாழும் உயிர், இயற்கை ஓம்புயிரி. அங்கிருந்து மனிதரை அடையும் வழியில் இடைப்பட்டு நிற்கும் உயிர், இடைநிலை ஓம்புயிரி. இவ்விரண்டையும் பிரித்தறிவதே மூலத் தேடலின் கடினமான பணியாகும்.

சந்தையில் கிடைத்த தடயம்

2002 நவம்பரில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இனம்புரியாத நுரையீரல் அழற்சி தோன்றியது. சார்ஸ் எனப் பெயர்பெற்ற அந்நோய், சில மாதங்களில் ஏறத்தாழ முப்பது நாடுகளுக்குப் பரவியது. 8000க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 774 உயிர்களைப் பறித்தது. அதற்குக் காரணம் புதியதொரு கொரோனா தீநுண்மி என்பது 2003ஆம் ஆண்டில் தெரியவந்தது.

தொடக்கத்தில் நோயுற்றவர்களுள், காட்டு விலங்குகளைக் கையாளும் வணிகரும் சமையலரும் கணிசமாக இருந்தனர். எனவே, ஆங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர் குவான் யீயின் குழுவினர், 2003 மே மாதம் ஷென்சென் நகரச் சந்தையில் கூண்டிலிருந்த விலங்குகளிடம் மாதிரிகளைச் சேகரித்தனர். மரநாய்களில் இருந்த தீநுண்மி, மனிதரிடம் காணப்பட்டதை 99.8 விழுக்காடு ஒத்திருந்தது. 2004 சனவரியில் மீண்டும் சிலருக்கு நோய் கண்டபோது, ஏறத்தாழ 10,000 மரநாய்களைக் கொல்லக் குவாங்டாங் அரசு ஆணையிட்டது.

பின்னர் நடந்த ஆய்வுகள் வேறொன்றைக் கூறின. பண்ணைகளில் வளர்ந்த மரநாய்களில் பெரும்பாலானவற்றிடம் தொற்றின் சுவடே இல்லை. பல்வகை விலங்குகளோடு சந்தையில் அடைபட்டுக் கிடந்தவற்றிடமே அது மிகுதியாக இருந்தது. தொற்றுக்கு உட்படுத்தப்பட்ட மரநாய்களும் நோயுற்றன. ஆகவே, மரநாய் நோயைக் கடத்திய இடைநிலை ஓம்புயிரியே. தீநுண்மியின் பிறப்பிடம் வேறெங்கோ இருந்தது.

குகையை நோக்கி

2005இல் இரு ஆய்வுக் குழுக்கள், சார்ஸ் தீநுண்மியின் உறவினங்களைக் குதிரைலாட வௌவால்களிடம் கண்டறிந்தன. ஆனால், அவற்றால் மனிதச் செல்லைப் பற்றிக்கொள்ள இயலவில்லை. தேடல் தொடர்ந்தது. வூகான் தீநுண்மியியல் நிறுவனத்தின் ஷி ஜெங்லி குழுவினர், யுனான் மாகாணக் குகையொன்றில் ஐந்தாண்டுகள் மாதிரிகளைத் திரட்டினர். சார்ஸ் தீநுண்மியின் மரபணுக் கூறுகள் அனைத்தும் அக்குகை வௌவால்களின் பல்வேறு தீநுண்மிகளிடையே சிதறிக் கிடந்தன. ஒரே வௌவாலுக்குள் இரு தீநுண்மிகள் சேர்ந்து புகும்போது, அவை மரபணுப் பகுதிகளை மாற்றிக்கொள்வதுண்டு. அவ்வாறே சார்ஸ் தீநுண்மி உருவாகியிருக்க வேண்டும் என்னும் முடிவு வெளியான ஆண்டு 2017. நோய் தோன்றி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அப்போது கடந்திருந்தன.

தெரிந்து தெளிவோம்

மெர்ஸ் என்னும் கொரோனா நோய் 2012இல் சவுதி அரேபியாவில் கண்டறியப்பட்டது. அதை மனிதருக்குக் கடத்துவது ஒற்றைத்திமில் ஒட்டகம். கிழக்கு ஆப்பிரிக்காவில் 1983இல் எடுத்துச் சேமிக்கப்பட்ட ஒட்டகக் குருதியிலும் அதற்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. மனிதர் அறிவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அத்தீநுண்மி ஒட்டகங்களிடையே உலவியிருக்கிறது.

நான்கு விழுக்காட்டின் தொலைவு

2019 திசம்பரில் வூகான் நகரில் கோவிட் நோய் வெளிப்பட்டது. முதலில் நோயுற்றோர் பலர் ஹுவானான் சந்தையோடு தொடர்புடையவர்கள். 2013இல் யுனானில் சேகரிக்கப்பட்ட வௌவால் தீநுண்மியொன்று, புதிய தீநுண்மியை 96 விழுக்காடு ஒத்திருந்தது. இந்த ஒற்றுமை நெருக்கமானதாகத் தோன்றலாம். எனினும், ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட மரபணுத் தொடரில் நான்கு விழுக்காடு என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளின் வேறுபாடாகும். அது பல பத்தாண்டுகளின் பரிணாம இடைவெளி. லாவோஸ் நாட்டு வௌவால்களில் இன்னும் சற்று நெருங்கிய உறவினங்கள் கிடைத்தன. கடத்தல்காரரிடமிருந்து மீட்கப்பட்ட அழுங்குகளின் தீநுண்மி, மனிதச் செல்லைப் பற்றும் பகுதியில் மட்டும் மிக ஒத்திருந்தது. இவற்றுள் எதுவும் நேர்மூதாதை அன்று.

2020 சனவரி முதல் நாளில் சந்தை மூடப்பட்டது. அங்கு விற்கப்பட்ட காட்டு விலங்குகள் ஆராயப்படும் முன்னரே அகற்றப்பட்டுவிட்டன. தரையிலும் வண்டிகளிலும் எடுத்த மாதிரிகள் சிலவற்றில், தீநுண்மியின் சுவடும் ரக்கூன் நாயின் மரபணுவும் சேர்ந்தே கிடைத்தன. ஓரிடத்தில் சேர்ந்திருந்தமை அவ்விலங்கு தொற்றுற்றது என்பதற்கு வலுவான குறிப்பாகலாம், உறுதியான சான்றாகாது. ஆய்வகத்திலிருந்து கசிந்திருக்கலாம் என்னும் கருதுகோளும் முன்வைக்கப்பட்டுள்ளது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரைக் குழு 2025இல் அளித்த அறிக்கை, கிடைத்த சான்றுகள் விலங்குவழிப் பரவலையே பெரிதும் சுட்டுகின்றன என்றது. கேட்ட தரவுகள் முழுமையாகக் கிடைக்காததால் பிறவற்றை விலக்க இயலாது என்றும் கூறியது.

தேடலின் பயன்

அவசரத் தீர்ப்பின் சுமையை வாயில்லா உயிர்களே தாங்குகின்றன. 2020இல் பெரு நாட்டில் அச்சமுற்ற மக்கள் வௌவால்களைத் தீயால் தாக்கினர். பூச்சிகளை உண்டு பயிர்காப்பதும் மகரந்தம் சேர்த்துக் காடு வளர்ப்பதும் அவ்வௌவால்களே. வௌவால் மனிதரைத் தேடி வரவில்லை. காடழிப்பும் காட்டு விலங்கு வணிகமுமே இருவரையும் நெருங்கச் செய்கின்றன. மூலத்தை அறிவது பழிசுமத்துவதற்கன்று, அடுத்த தொற்றின் வாயிலை அடைப்பதற்கே. அதற்குத் தடயங்கள் அழியும் முன் மாதிரிகளைத் திரட்ட வேண்டும். திரட்டியவற்றை நாடுகள் மறைக்காமல் பகிர வேண்டும். சான்று பேசும்வரை காத்திருத்தல் அறிவியலின் அறம்.

கற்பவை கற்றபின்

1. ‘ஒற்றுமை வேறு, மூலம் வேறு’ என்பதைப் பாடச் செய்திகளைக்கொண்டு விளக்குக.
2. மரநாய்களைக் கொல்ல இடப்பட்ட ஆணை சரியானதா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.