பழைய பதக்கத்தைத் தேய்க்கலாமா?

மாணவர்களே, நூறு ஆண்டு பழைமையான பதக்கம் ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? பற்பசை தடவிப் பளபளவெனத் தேய்ப்பீர்களா? சற்றுப் பொறுங்கள். அதில் படிந்திருப்பது வெறும் அழுக்கு அல்ல.

ஜெர்மனியின் 'இரும்புச் சிலுவை'யை எடுத்துக்கொள்வோம். பழைய இராணுவப் பதக்கங்களைச் சேகரிப்போர் விரும்பித் தேடும் விருது இது. நெப்போலியனை எதிர்த்த போரின்போது, 1813ஆம் ஆண்டில் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் இதனை ஏற்படுத்தினார். பின்னர் 1870, 1914, 1939 ஆகிய போர்க்கால ஆண்டுகளிலும் இது மீண்டும் வழங்கப்பட்டது.

இதன் நடுப்பகுதி கறுப்பு வண்ணம் பூசிய இரும்பு. அதனை இருபுறமும் கவ்விப் பிடிப்பது வெள்ளிச் சட்டம். இந்த இரண்டு உலோகங்களும் பல செய்திகளைச் சொல்கின்றன.

காந்தம் சொல்வது: இரும்பைக் காந்தம் ஈர்க்கும், வெள்ளியை ஈர்க்காது. நடுப்பகுதி காந்தத்தில் ஒட்டாவிட்டால் சந்தேகம் எழும். ஆனால், பித்தளை நடுப்பகுதி கொண்ட அசல் பதக்கங்களும் உண்டு. இரும்பில் செய்த போலிகளும் உண்டு. எனவே ஒரே சோதனையை நம்பி முடிவு செய்யக்கூடாது.

கருமை சொல்வது: காற்றில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடுடன் வெள்ளி வினைபுரிந்து கருநிற வெள்ளி சல்பைடாக மாறுகிறது. அக்கருமையைத் தேய்த்து எடுத்தால் அதிலுள்ள வெள்ளியும் சேர்ந்தே போய்விடும். நுண்ணிய முத்திரைகளும் மெல்ல மெல்ல அழியும்.

துரு சொல்வது: வெள்ளியைவிட இரும்பு வினைபுரியும் தன்மை மிக்கது. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால், அங்கே சிறிய மின்கலமே உருவாகிவிடும். இரும்பு எலக்ட்ரான்களை இழந்து விரைவில் அரிக்கப்படும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் வண்ணப்பூச்சை உப்பச் செய்து உரித்துவிடும்.

நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வையில் உப்பும் இருக்கிறது. ஆகவே, பருத்திக் கையுறை அணிந்து பதக்கத்தைத் தொடுங்கள். காற்றுப் புகாத பெட்டியில், காலணிப் பெட்டியில் கிடைக்குமே, அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். தேய்த்து அழித்த தடயத்தை எந்த அறிவியலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

சிந்தித்து விடை காண்க
1. முழுவதும் ஒரே உலோகத்தால் ஆன சின்னத்தின் பொருண்மை 14.2 கிராம், கனவளவு 2 கன செ.மீ. அதன் அடர்த்தி என்ன? அது இரும்பா (7.9), துத்தநாகமா (7.1), வெள்ளியா (10.5)?
2. இரும்புச் சிலுவையின் கனவளவை அறிய அதனை நீரில் அமிழ்த்தலாமா? காரணம் கூறுக.