அவரைக்காய் சீசனுக்கு பெங்களூரு போகிறீர்களா?

மார்கழி, தை மாதங்களில் பெங்களூரு வி.வி.புரம் தின்பண்டத் தெருவில் அவரை வாசம்தான். அவரைப் பருப்பு தோசை, உப்புமா, பிதுக்கிய பருப்புக் குழம்பு, காரம் என எல்லாம் கிடைக்கும். சேலத்திலிருந்து சுமார் 200 கி.மீ, நாமக்கல்காரர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

1. பெங்களூரில் நடக்கும் அவரை மேளாவுக்கென்றே போவதானால் தேதி, இடத்தை முதலில் உறுதி செய்யுங்கள். இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

2. பொங்கலை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். ஊர் திரும்புவோர் கூட்டத்தில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி திணறும்.

3. மஞ்சள் போர்டு வாடகை வண்டியா? கர்நாடகத்துக்கான பெர்மிட், வரி விவரத்தை ஓட்டுநரிடம் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் மாநில எல்லையான அத்திபெலேயில் நிற்க நேரிடும். ஃபாஸ்டேக்கில் பணமும் இருக்கட்டும்.

4. மதியம் அரை வயிறாகச் சாப்பிடுங்கள். அந்தத் தெரு களைகட்டுவதே மாலையில்தான். ஒரே கடையில் வயிற்றை நிரப்புவது வீண். நால்வர் போனால் ஒரு தட்டு வாங்கிப் பகிருங்கள்.

5. இரவு அங்கேயே தங்குங்கள். சேலம் நோக்கி வரும்போதுதான் தொப்பூர் கணவாய் இறக்கம். லாரி விபத்துகளுக்குப் பேர்போனது. அதிகாலைப் பனி விலகியபின் கிளம்பி, இறக்கத்தில் குறைந்த கியரிலேயே வாருங்கள்.

6. காய் வாங்கினால் துணிப்பை. பிளாஸ்டிக்கில் வியர்த்து அழுகிவிடும்.